முதல்ல நிலத்தை நடந்து பாருங்க, அப்புறம் ரைடிங் மோவரைப் பாக்கலாம்: வாசகர் கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல நிறைய, உக்காந்து ஓட்டுற புல்வெட்டி, அதாவது ரைடிங் மோவர் பத்தித்தான் இருந்துச்சு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். பல வருஷமா இந்த மெஷின்களை ஓட்டியும் இருக்கேன், பிரிச்சு மாட்டியும் இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கேள்வி: சார், 5 ஏக்கர் இடம் வாங்கி வீடு கட்டி குடி வந்துட்டோம். வீட்டைச் சுத்தி 2 ஏக்கர் புல்தரை, நடுவுல முப்பது நாப்பது மரம் இருக்கு. மீதி 3 ஏக்கர் மேடும் பள்ளமுமா, புல்லும் புதரும் இடுப்பு உசரத்துக்கு நிக்குது. ஒரு ஓரத்துல குளம், அதை நோக்கி சரிவு. கையால தள்ளுற மெஷினை வச்சு ஒரு மாசம் போராடி முதுகு போச்சு. 5 ஏக்கரையும் ஒரே மெஷின்ல வெட்டணும், எது வாங்கலாம்? விசாரிச்சா ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க.

பதில்: சார், நல்லா விவரமா எழுதிருக்கீங்க, நிறைய பேர் ஏக்கர் கணக்கை மட்டும் எழுதிட்டு எது வாங்கலாம்னு கேப்பாங்க, அதுல பதில் சொல்லவே முடியாது. ஆனா "ஒரே மெஷின்ல"னு போட்டிருக்கீங்க பாருங்க, அங்கதான் நாம கொஞ்சம் பேசணும். உங்ககிட்ட இருக்குறது 5 ஏக்கர் புல் கிடையாது, 2 ஏக்கர் புல்தரையும் 3 ஏக்கர் காடும். இது ரெண்டும் வேற வேற வேலை.

புல்தரை வெட்டுற மெஷினோட டெக்குல, அதாவது பிளேடு சுத்துற அந்தத் தகரப் பெட்டியில, பிளேடு ஸ்பிண்டில்ல, அதாவது அதைச் சுத்துற தண்டுல, இறுக்கமா போல்ட் போட்டு நிக்கும். இடுப்பு உசரப் புதருக்குள்ள அதை விட்டா மறைஞ்சு கிடக்குற கல்லோ கட்டையோ பட்டு, அந்த அடி முழுசும் நேரா ஸ்பிண்டிலுக்குப் போகும், பிளேடு வளையும், பேரிங் போகும், சில சமயம் டெக்கே கிழியும். காட்டுப்புல்லுக்குன்னு இருக்குற ரோட்டரி கட்டர் வேற மாதிரி, அதுல பிளேடு ஒரு முனையில மட்டும் போல்ட்டுல தொங்கும், கல்லுல பட்டா பின்னாடி மடங்கிக்கும். டிராக்டர் பின்னாடி மாட்டி ஓட்டுறது அது. அதனால அந்த 3 ஏக்கரை வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை டிராக்டர் வச்சிருக்கவங்களை கூப்பிட்டு வாடகைக்கு வெட்டிக்கிடுங்க, இல்லன்னா சொந்த எஞ்சின் வச்ச, இழுத்துட்டுப் போற மாதிரி வர்ற புதர்வெட்டி ஒன்னை வாடகைக்கு எடுங்க. 2 ஏக்கருக்கு மட்டும் ரைடிங் மோவர் வாங்குங்க. 3 ஏக்கரையும் நீங்களே அடிக்கடி வெட்டணும், மண்ணு அள்ளணும், வேலிக்குழி தோண்டணும்னு இருந்தா அப்போ கேள்வியே மாறிடும், 20, 25 ஹெச்.பி.ல வர்ற சின்ன டிராக்டர் பக்கம்தான் போகணும், பின்னாடி சாமான் மாட்டுற மூணு பாயின்ட் லிங்க்கும், எஞ்சின் சக்தியை அந்தச் சாமானுக்குக் கொடுக்குற 540 ஆர்.பி.எம். பிடிஓ தண்டும் இருக்கும், என்ன வேணா மாட்டிக்கலாம். ஆனா அது புல்தரையில ஏறுனா கனம், ஈரத்துல தடம் விழும், மரத்தைச் சுத்தி வளைக்கவும் சிரமம்.

சரி, 2 ஏக்கருக்கு வருவோம். எத்தனை இஞ்ச் டெக் வேணும்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன கணக்கு சொல்றேன், டெக் அகலத்தை இஞ்ச்ல எடுத்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுவீங்களோ அதால பெருக்கி, 200-ஆல வகுங்க, வர்றதுதான் ஒரு மணி நேரத்துல வெட்டுற ஏக்கர். திரும்புறது, ஒரு வரிசை மேல இன்னொன்னு கொஞ்சம் ஏறுறது எல்லாத்துக்கும் அஞ்சுல ஒரு பங்கு கழிச்சாச்சு இதுல. 42 இஞ்ச் டெக், 6 கிலோமீட்டர் வேகம்னா ஒன்னேகால் ஏக்கர். 54 இஞ்ச், 7 கிலோமீட்டர்னா 1.9 ஏக்கர். 60 இஞ்ச், 10 கிலோமீட்டர்னா 3 ஏக்கர். கேக்க நல்லாருக்கும், ஆனா 10 கிலோமீட்டர் வேகத்துல முப்பது மரத்துக்கு நடுவுல யாரும் ஓட்ட முடியாது, மேடு பள்ளத்துல உடம்பு தூக்கிப் போடும், புல்லும் சரியா வெட்டாம கோடு கோடா நிக்கும். அதனால வேகத்தை நிலம்தான் முடிவு பண்ணும், எஞ்சின் இல்ல.

அகலமான டெக்குக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, நிலம் அலை மாதிரி இருந்தா 60 இஞ்ச் டெக் ரெண்டு மேட்டு மேல உக்காந்துக்கும், நடுவுல புல்லு அப்படியே நிக்கும், இல்லன்னா ஒரு மேட்டோட தலையை மண்ணு தெரிய சுரண்டிட்டுப் போகும். உங்க நிலத்துக்கு 48ல இருந்து 54 இஞ்ச் போதும்னு நான் நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துக்கிட்டு வாசல் கேட், ஷெட் கதவு, மரத்துக்கும் மரத்துக்கும் இருக்குற இடைவெளி எல்லாம் அளந்துடுங்க. 54 இஞ்ச் டெக்னா மெஷினோட அகலம் 54 இல்ல, பக்கவாட்டுல புல்லைத் தள்ளுற வாய் வெளிய நீட்டிட்டு இருக்கும், அதையும் சேத்தா கிட்டத்தட்ட ஒரு அடி கூடும். வாங்கி வந்த மெஷின் கேட்டுக்குள்ள நுழையாம நின்னதை நான் கண்ணால பாத்திருக்கேன், அந்தக் குடும்பம் கேட்டை இடிச்சுக் கட்டுனாங்க.

அடுத்து எந்த வகை? மரம் இவ்வளவு இருக்குறதால ஜீரோ டர்ன்தான் வேகம், நின்ன இடத்துலயே திரும்பும், மரத்தைச் சுத்தி ஒட்டி வெட்டும், லான் டிராக்டரை, அதாவது ஸ்டீயரிங் வச்ச சாதா ரைடிங் மோவரை விட நேரம் நல்லாவே மிச்சமாகும். ஆனா உங்க குளத்துச் சரிவு இருக்கே, அதைப் பாத்துட்டுத்தான் முடிவு. அதைப் பத்தி கீழ இன்னொரு தம்பி கேட்டிருக்காரு, அந்தப் பதிலையும் சேத்துப் படிச்சுக்கோங்க. சரிவு லேசா இருந்து, வண்டியில மண்ணு, விறகுன்னு இழுக்குற வேலை பெருசா இல்லன்னா ஜீரோ டர்ன் போங்க. இழுக்குற வேலை அடிக்கடி இருந்தா லான் டிராக்டர். உழவு மாதிரி மண்ணைக் கிளறுற வேலையும் உண்டுன்னா கார்டன் டிராக்டர், பாக்க ரெண்டும் ஒன்னு போலத்தான் இருக்கும், ஆனா கார்டன் டிராக்டருக்கு பின் ஆக்ஸில், பிரேம், சக்கரம் எல்லாமே கனம். சாதா லான் டிராக்டர்ல உழவு சாமானை மாட்டி டிரான்ஸ்மிஷனைக் காலி பண்ணவங்க நிறைய.

கேள்வி: அண்ணா, ஒரு மெஷின் 19 ஹெச்.பி., இன்னொன்னு 24 ஹெச்.பி., டெக் ரெண்டுக்கும் 46 இஞ்ச்தான். 24தானே நல்லது? விலை வித்தியாசம் பெருசா இல்ல.

பதில்: தம்பி, அந்த ஹெச்.பி. ஸ்டிக்கரை ஒரு நிமிஷம் மறந்துடுங்க. அமெரிக்காவுல இந்த மோவர் எஞ்சின்கள்ல எழுதுற ஹெச்.பி. உண்மையைவிட அதிகம்னு சொல்லி பெரிய வழக்கே நடந்து 2010-ல சமரசத்துல முடிஞ்சது, இப்போ நிறைய எஞ்சின்ல சிசி அளவை எழுதுறதைப் பாக்கலாம். 46 இஞ்ச் டெக்கை சமதரையில சுத்த 19 ஹெச்.பி. போதும். ஒரு சிலிண்டரா ரெண்டு சிலிண்டரான்னு பாருங்க, ரெண்டு சிலிண்டர் வி-ட்வின் அதிர்வு கம்மி, கனமான புல்லுல மூச்சு வாங்காது. ஆயிலை பம்ப் வச்சு அழுத்தமா அனுப்புற எஞ்சினா, ஆயில் ஃபில்டர் இருக்கான்னும் பாருங்க.

அதைவிட முக்கியமானது ரெண்டு இருக்கு, அது ஸ்டிக்கர்ல பெருசா வராது. ஒன்னு டிரான்ஸ்மிஷன். இப்போ வர்றதுல பெரும்பாலும் ஹைட்ரோஸ்டாடிக், சுருக்கமா ஹைட்ரோ, ஆயில் அழுத்தத்துல சக்கரத்தை ஓட்டும், பெடலை மிதிச்சா போகும், கியர் மாத்த வேண்டாம், நல்ல சௌகரியம். ஆனா விலை கம்மியான மெஷின்ல வர்ற ஹைட்ரோ சீல் பண்ணி வரும், ஆயில் மாத்தவோ ஃபில்டர் போடவோ கம்பெனி வழி வச்சிருக்காது. சமதரையில ஓட்டுனா அது பல வருஷம் ஓடும், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். மேட்டுல ஏத்தி ஏத்தி, பின்னாடி பாரமும் இழுத்தா உள்ள ஆயில் சூடாகி இளகிடும், அழுத்தம் நிக்காது, காலையில நல்லா ஏறுன மேட்டை ஒரு மணி நேரம் கழிச்சு ஏறாது. நான் முதல்ல வாங்குன மெஷின் இப்படித்தான் மூணாவது வருஷம் மேட்டுப் பாதியில நின்னுடுச்சு, எஞ்சின் ஒரு குறையும் இல்லாம ஓடிட்டே இருக்கு, வண்டி நகரல. டிரான்ஸ்மிஷன் மாத்துற செலவைக் கேட்டப்போ மெஷின் விலையில பாதிக்கு வந்துச்சு. அன்னைக்கு இருந்து யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது, ஹைட்ரோ ஆயில் மாத்த முடியுமா, ஃபில்டர் இருக்கா, குளிர வைக்க ஃபேன் இருக்கான்னு கேளுங்கன்னுதான்.

ரெண்டாவது டெக். ஒரே தகட்டை அச்சுல அமுக்கி எடுக்குற டெக் ஒன்னு, தனித்தனி தகட்டை வெல்டு பண்ற டெக் இன்னொன்னு. தகட்டோட கனத்தை கேஜ்ல சொல்வாங்க, இதுல நம்பர் குறைய குறைய கனம் கூடும், நிறைய பேர் தலைகீழா புரிஞ்சுக்கிறாங்க. 13 கேஜ்னா 2.3 மில்லிமீட்டர், 10 கேஜ்னா 3.4, 7 கேஜ்னா 4.6 மில்லிமீட்டர். கல்லு, வேரு, விழுந்த கிளை எல்லாம் இருக்குற பெரிய இடத்துக்கு 10 கேஜ் அல்லது அதைவிடக் கனமா வெல்டு பண்ண டெக் நல்லது. சமமான சுத்தமான புல்தரைக்கு அச்சு டெக்கே போதும், சொல்லப்போனா அந்த வளைவு வடிவத்துல காத்து நல்லா சுத்தி புல்லைத் தூக்கி விடும், வெட்டும் அழகா இருக்கும். அந்த 5 ஹெச்.பி.க்குக் கொடுக்குற காசை டிரான்ஸ்மிஷன்லயும் டெக்குலயும் போடுங்க தம்பி.

கேள்வி: அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி சரிவு. ஜீரோ டர்ன் சரிவுல புரளும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, பக்கத்து இடத்துக்காரர் தினமும் ஓட்டுறாரு. எதை நம்புறது?

பதில்: ரெண்டு பேரும் பொய் சொல்லல தம்பி. சரிவு எவ்வளவுன்னு அளக்காம இதைப் பேசவே கூடாது. போன்ல மட்டம் பாக்குற ஆப் இருக்கும், ஒரு நேரான நீளப் பலகையை சரிவுல போட்டு அது மேல போனை வச்சுப் பாருங்க. பெரும்பாலான ரைடிங் மோவருக்கு 15 டிகிரிக்கு மேல போகாதேன்னு கையேட்டுலயே எழுதிருக்கும், சில மெஷினுக்கு 10தான், உங்க மெஷின் கையேடு சொல்றதுதான் கணக்கு. போன் இல்லாம பாக்கணும்னா, கிடைமட்டமா 10 அடி போறதுக்குள்ள தரை 2 அடி 8 இஞ்ச் ஏறுனா அது 15 டிகிரி. கண்ணுக்கு அது பெருசா தெரியாது, அதுதான் ஆபத்து.

ஜீரோ டர்ன்ல என்ன விஷயம்னா, முன் சக்கரம் ரெண்டும் சும்மா சுழல்ற சக்கரம், தள்ளுவண்டியில இருக்குமே அது மாதிரி, அதுக்கு திசை தெரியாது. பின் சக்கரம் ரெண்டையும் ஆளுக்கொரு ஹைட்ரோ தனித்தனியா ஓட்டும், திருப்புறதும் அதுதான், நிறுத்துறதும் அதுதான். ஈரப்புல்லுல பின் சக்கரம் வழுக்கிடுச்சுன்னா ஓட்டம், திருப்பம், பிரேக் மூணும் ஒரே நேரத்துல போயிடும், மெஷின் சறுக்குற பக்கம்தான் போவீங்க. லான் டிராக்டர்ல முன் சக்கரத்துல ஸ்டீயரிங் இருக்குறதால கொஞ்சமாவது திருப்ப முடியும், ஆனா அதையும் சரிவுக்குக் குறுக்க ஓட்டக்கூடாது, மேலயும் கீழயுமாத்தான் ஓட்டணும். சரிவுல நடுவுல நின்னு திரும்பாதீங்க, ஈரமா இருந்தா அன்னைக்கு வெட்டாதீங்க, புல்லு ஓடிப் போயிடாது.

குளம், வாய்க்கால், தடுப்புச்சுவர் இது மாதிரி விளிம்பு கிட்ட மெஷின் அகலத்துல ரெண்டு மடங்கு தூரத்தை விட்டுடுங்க, அந்தப் பட்டையை கையால தள்ளுற மெஷின்லயோ கயிறு சுத்துற டிரிம்மர்லயோ வெட்டிக்கலாம். முதல் கேள்வி கேட்ட சாரும் இதை குறிச்சுக்கோங்க, குளத்துக்குள்ள புரண்ட மெஷினுக்கு அடியில மாட்டிக்கிட்டா ரெண்டடி தண்ணி போதும் உயிர் போக. சரிவு இருந்தா ரோல் பார், அதாவது புரண்டா ஓட்டுறவரை நசுங்காம காக்குற இரும்பு வளைவு, வச்ச மெஷினா வாங்குங்க. ரோல் பாரைத் தூக்கி நிறுத்திருந்தா சீட் பெல்ட் கட்டாயம் போடணும், மரக்கிளைக்காக மடக்கி வச்சிருந்தா பெல்ட் போடக்கூடாது, ஏன்னா அப்போ புரண்டா குதிச்சு வெளிய வர வழி வேணும். இந்த ரெண்டையும் மாத்திச் செய்றவங்களைப் பாக்கும்போது எனக்கு பதறுது. 15 டிகிரிக்கு மேல இருக்குற இடத்துல புல்லே வேண்டாம் தம்பி, வெட்ட வேண்டாத தரைச்செடியை நட்டு விட்டுடுங்க.

கேள்வி: தம்பி, என் மகன் புது மெஷின் வாங்கிருக்கான். பேரனுக்கு 4 வயசு, மடியில உக்கார வச்சு ஓட்டுறான், "மெதுவாத்தான் போறேன்மா, நான் புடிச்சுக்கிறேன்"ங்கிறான். எனக்கு மனசு கேக்கல. நான் பயப்படுறது அதிகமா?

பதில்: அம்மா, நீங்க பயப்படுறது சரி, இன்னும் சத்தமா பயப்படுங்க. கனமான இரும்புப் பட்டை, அதோட முனை நொடிக்கு கிட்டத்தட்ட 90 மீட்டர் போற அளவுக்கு சுத்தும். ஒரு பள்ளத்துல சக்கரம் இறங்குனா பெரியவங்களே முன்னாடி சாயுவோம், மடியில இருக்குற குழந்தை எங்க விழும்னு நினைச்சுப் பாருங்க. சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு, ஓட்டுறவர் எந்திரிச்சா பிளேடு நிக்கும், ஆனா குழந்தை விழுந்தா ஓட்டுறவர் சீட்டுலதானே இருப்பாரு, சுவிட்சுக்கு ஒன்னும் தெரியாது. இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கும்மா, ஒரு தடவை மடியில ஏறிப் பழகுன குழந்தை அடுத்த தடவை சத்தம் கேட்டதும் நம்மளையும் ஏத்திக்குவாங்கன்னு மெஷினைப் பாத்து ஓடி வரும், பின்னாடி இருந்து வரும். ரிவர்ஸ்ல குழந்தை மேல ஏறுற விபத்தெல்லாம் பெரும்பாலும் சொந்த வீட்டு ஆளு ஓட்டும்போது நடக்குறதுதான்.

மகன்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. வெட்டும்போது குழந்தை வீட்டுக்குள்ள, வேற ஒரு பெரியவர் பார்வையில இருக்கணும். ரிவர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடியும், எடுக்கும்போதும் பின்னாடியும் கீழயும் பாக்கணும். ரிவர்ஸ்ல பிளேடு நிக்குற மாதிரி ஒரு லாக் வரும், அது தொல்லையா இருக்குன்னு வயரைத் துண்டிச்சு விடுறவங்க இருக்காங்க, அவர் அப்படிச் செஞ்சிருந்தா இன்னைக்கே சரி பண்ணச் சொல்லுங்க. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி ரைடிங் மோவரை ஓட்டவே குறைஞ்சது 16 வயசு ஆகணும்னு சொல்லுது. பேரனுக்கு இன்னும் 12 வருஷம் இருக்கும்மா.

கேள்வி: பேட்டரி ரைடிங் மோவர் 2 ஏக்கருக்கு சரிப்படுமா?

பதில்: சரிப்படும். லித்தியம் பேட்டரி வந்த பிறகு நல்லாவே ஓடுது, சத்தம் கம்மி, எஞ்சின் ஆயில், பெட்ரோல், கார்பரேட்டர் தொல்லை ஒன்னும் இல்ல. ஆனா ஒரு சார்ஜுக்கு இத்தனை ஏக்கர்னு போடுறது காஞ்ச, குட்டையான புல்லுக்கு, சமதரைக்கு, பிளேடு கூரா இருக்கும்போது. மழைக்கு அப்புறம் வளர்ந்த கனமான புல்லுல அது வெகுவா குறையும், சரிவுன்னா இன்னும். 2 ஏக்கர் இருந்தா 3 ஏக்கர்னு போட்டிருக்குற மெஷினா பாருங்க. பேட்டரிக்கு தனியா எத்தனை வருஷம் வாரன்ட்டி, மாத்துனா என்ன விலைன்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

கேள்வி: சார், ஒருத்தர் 6 வருஷம் ஓட்டுன மெஷினை விக்கிறாரு. செகண்ட் ஹேண்டா வாங்கலாமா? பாக்க புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு.

பதில்: வாங்கலாம் சார், நல்லா வச்சிருந்த பழைய கனமான மெஷின் புது மலிவு மெஷினைவிட மேல். ஆனா பளபளப்பைப் பாக்காதீங்க, வருஷத்தைக் கூட பாக்காதீங்க, மெஷின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ஹவர் மீட்டரைப் பாருங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, எஞ்சின் ஆறி இருக்கணும்"னு சொல்லிட்டுப் போங்க. ஆறிப்போன எஞ்சின் எப்படி கிளம்புது, என்ன புகை வருதுன்னு பாக்கணும், நீலப்புகை விடாம வந்தா ஆயில் எரியுது. ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை வந்தா கார்பரேட்டர்ல கசிஞ்சு ஆயிலோட கலந்திருக்கு, அந்த ஆயில்ல எத்தனை நாள் ஓடுச்சோ தெரியாது.

அப்புறம் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழட்டிட்டு, கையுறை போட்டு ஒவ்வொரு பிளேடு முனையையும் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆடுனா ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கு. டெக்குக்கு அடியில காஞ்ச புல்லு கட்டியா ஒட்டிருக்கும், அதை ஸ்க்ரூடிரைவரால குத்தி எடுத்துப் பாருங்க, பெயின்ட் அடிச்ச மேல்பக்கம் அழகா இருந்து அடியில துரு ஓட்டை போட்டிருக்கும். கடைசியா, இதை எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க, அரை மணி நேரம் உண்மையிலேயே புல்லு வெட்டி ஓட்டுங்க, ஹைட்ரோ நல்லா சூடாகட்டும், அதுக்கப்புறம் பிளேடை நிறுத்திட்டு ஒரு மேட்டுல ஏத்துங்க. அப்பவும் தயங்காம ஏறுனா பேசி முடிங்க. "ரெண்டு ரவுண்டு போதும் சார், நல்ல வண்டி"ன்னு அவர் அவசரப்படுத்துனா சாவியைக் கொடுத்துட்டு வந்துடுங்க.

கேள்வி: அண்ணா, போன மாசம் வாங்குன மெஷின் ஒரு பக்கம் குட்டையா, ஒரு பக்கம் உசரமா வெட்டுது. டெக் கோளாறா?

பதில்: முதல்ல நாலு டயர்லயும் காத்து பாருங்க தம்பி, கையேட்டுல போட்ட அளவுக்கு. முக்கால்வாசி தடவை அதோட முடிஞ்சுடும். அதுக்கும் சரியாகலன்னா சமமான சிமென்ட் தரையில நிறுத்தி, பிளக் வயரைக் கழட்டி, பிளேடு முனை தரையில இருந்து எவ்வளவு உசரம்னு இடது வலது ரெண்டு பக்கமும் அளந்து, டெக்கைத் தூக்குற கம்பியில இருக்குற நட்டைத் திருகி சமம் பண்ணுங்க. முன்பக்கம் பின்பக்கத்தைவிட கால் இஞ்ச் வரைக்கும் தாழ்வா இருக்கணும், அது கோளாறு இல்ல, அப்படித்தான் வைக்கணும். இதெல்லாம் பண்ணியும் சரியாகலன்னா ஸ்பிண்டிலோ டெக்கோ வளைஞ்சிருக்கலாம், ஒரு மாச மெஷின்தானே, நீங்களே பிரிக்காம வாரன்ட்டியில கொண்டு போய் கொடுங்க.